கருனி மேம்பாட்டுக்குப் பின் மெய்நிகர் கணினியின் விருந்தினர் மென்பொருளைச் சீர்செய்தல்

மெய்நிகர் கணினி என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்டு, தனிக் கணினியைப் போலவே இயங்கும் இன்னொரு கணினி ஆகும். வெளியே இருக்கும் உண்மையான கணினி புரவலன் என்றும், உள்ளே இயங்குவது விருந்தினர் என்றும் அழைக்கப்படுகின்றன. விருந்தினரின் இயங்குதளத்துக்குள் நிறுவப்பட்டு, அதற்கும் புரவலனுக்கும் இடையே திரை, சுட்டி, ஒட்டுப்பலகை, பகிர்வுக் கோப்புறை முதலியவற்றை இணைத்துவைக்கும் மென்பொருள் விருந்தினர் மென்பொருள் எனப்படுகிறது. விர்ச்சுவல்பாக்ஸில் இதன் பெயர் கெஸ்ட் அடிஷன்ஸ். விஎம்வேரில் விஎம்வேர் டூல்ஸ். விருந்தினராக இருப்பது லினக்ஸ் என்றால், அதன் கருனி (கெர்னல்) மேம்படுத்தப்பட்ட பிறகு இந்த மென்பொருள் வேலை செய்யாமல் போவது அடிக்கடி நிகழும். அது ஏன் நிகழ்கிறது, எந்த வரிசையில் சோதித்துச் சீர்செய்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கட்டளைகளும் தொகுப்புப் பெயர்களும் இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும்.

தமிழ்நாட்டுச் சூழல்

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு லினக்ஸ் அந்நியமானதன்று. சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011 முதல் தமிழ்நாடு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் அதுவும் சேர்ந்தே வந்தது. மேல்நிலை முதலாம் ஆண்டுக் கணினிப் பாடத்தில் உபுண்டு இடம்பெற்றிருக்கிறது. ஆனால் வீட்டில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கணினி. அதில் விண்டோஸ் இருக்கும். அதை அழிக்க வீட்டார் ஒப்பமாட்டார்கள். எனவே விண்டோஸின் மேல் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, அதற்குள் உபுண்டுவை ஏற்றிப் பழகுவதே எளிய வழியாக இருக்கிறது.

கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடி, ஓசூர் சிப்காட் போன்ற தொழிற்பகுதிகளில் இதன் மறுபக்கத்துக்கும் தேவை உண்டு. இயந்திரத்தோடு வந்த பழைய மென்பொருள் ஏதோ ஒரு பழைய இயங்குதளத்தில் மட்டுமே ஓடும். அது ஓடிய கணினியோ பழுதாகிவிடும். அப்போது அந்தப் பழைய இயங்குதளத்தை மெய்நிகர் கணினியாக்கிப் புதிய லினக்ஸ் கணினியில் வைத்துக்கொள்வது ஒரு தீர்வு. முதல் வகையில் கருனி மாறுவது விருந்தினருக்குள். இரண்டாம் வகையில் புரவலனில். இரண்டுக்கும் அறிகுறி வேறு, மருந்தும் வேறு. பலர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

விருந்தினர் மென்பொருளின் இரு பகுதிகள்

விருந்தினர் மென்பொருள் ஒற்றைப் பொருளன்று. அதில் ஒரு பகுதி கருனிக்குள் நுழைந்து வேலை செய்யும் கூறுகள். விர்ச்சுவல்பாக்ஸில் விபாக்ஸ்கெஸ்ட் என்னும் கூறு புரவலனோடு பேசும் அடிப்படைப் பாதையைத் திறக்கிறது. விபாக்ஸ்எஸ்எஃப் என்பது பகிர்வுக் கோப்புறைக்கானது. விபாக்ஸ்வீடியோ திரைக்கானது. மற்றொரு பகுதி, பயனர் உள்நுழைந்த பின் பின்னணியில் ஓடும் சாதாரண நிரல்கள். விபாக்ஸ்கிளையன்ட் என்னும் நிரல்தான் ஒட்டுப்பலகையையும் திரை அளவு மாற்றத்தையும் கவனிக்கிறது.

கருனி மாறும்போது அடிபடுவது முதல் பகுதி மட்டுமே. ஆனால் அது விழுந்தால் இரண்டாம் பகுதியும் நின்றுவிடும். உள்நுழைந்தவுடன் விர்ச்சுவல்பாக்ஸ் கருனிச் சேவை இயங்கவில்லை என்று விபாக்ஸ்கிளையன்ட் ஓர் அறிவிப்பைக் காட்டினால், குற்றம் அந்த நிரலில் இல்லை. அதற்குக் கீழே இருக்கும் கருனிக்கூறில் இருக்கிறது.

ஏன் பழுதாகிறது

லினக்ஸில் ஒவ்வொரு கருனிப் பதிப்புக்கும் தனித்தனிக் கூறுக் கோப்புறை உண்டு. அது மூலக் கோப்புறையின் கீழ் லிப், அதனுள் மாட்யூல்ஸ், அதனுள் பதிப்பு எண் என்ற வரிசையில் அமைந்திருக்கும். பழைய கருனி ஓடியபோது கட்டப்பட்ட கூறு பழைய எண்ணுள்ள கோப்புறையில் கிடக்கும். புதிய கருனி தன் எண்ணுள்ள கோப்புறையை மட்டுமே பார்க்கும். அங்கே எதுவும் இல்லாததால், அப்படி ஒரு கூறே கிடையாது என்று சொல்லிவிடும். நடைமுறையில் காணப்படும் பழுதுகளில் மிகப் பெரும்பாலானவை இவ்வளவு எளிய காரணத்தால் வருபவைதாம்.

அப்படியானால் பழைய கோப்பை நகலெடுத்துப் புதிய கோப்புறையில் போட்டால் என்ன? போட்டாலும் ஏறாது. ஜூஜுவாடிச் சோதனைச்சாவடியில் வெளிமாநில வாகனத்தின் அனுமதிச்சீட்டைப் பார்ப்பதுபோல, கருனியும் தன்னுள் நுழையும் கூறின் முத்திரையைப் பார்க்கிறது. வெர்மேஜிக் எனப்படும் இந்த முத்திரையில் எந்தக் கருனிப் பதிப்புக்காக, எந்த அமைப்புகளோடு கூறு கட்டப்பட்டது என்பது எழுதப்பட்டிருக்கும். அது பொருந்தாவிட்டால் கூறின் வடிவம் செல்லாது என்று கருனி திருப்பி அனுப்பிவிடும். வண்டி நல்ல வண்டியாகவே இருக்கலாம். சீட்டு வேறு மாநிலத்துக்கானது, அவ்வளவுதான். கட்டாயப்படுத்தி நுழைக்கவும் வழி உண்டு; ஆனால் கருனியின் நினைவக அமைப்பு மாறியிருந்தால் கணினி முழுதும் உறைந்துவிடும். அந்த வழியை நாடக் கூடாது.

இதற்குப் பின்னால் லினக்ஸ் கருனியை உருவாக்குவோரின் தெளிவான கொள்கை ஒன்று இருக்கிறது. பயனர் நிரல்களுக்கும் கருனிக்கும் இடையிலான இடைமுகத்தை அவர்கள் உடைப்பதில்லை. பத்தாண்டுக்கு முந்தைய நிரலும் பெரும்பாலும் ஓடும். ஆனால் கருனிக்கு உள்ளே இருக்கும் இடைமுகங்களை நிலையாக வைத்திருப்போம் என்று அவர்கள் வாக்களிப்பதே இல்லை. கருனி வளர்ச்சியாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் இதற்கான காரணங்களைக் கருனி ஆவணங்களுக்குள்ளேயே எழுதி வைத்துள்ளார். உள் இடைமுகத்தை மாற்றுபவரே கருனி மரத்துக்குள் உள்ள எல்லாக் கூறுகளையும் சேர்த்துத் திருத்திவிடுவார். மரத்துக்கு வெளியே இருப்பவை அவரவர் பொறுப்பு.

சில எடுத்துக்காட்டுகளைக் காணலாம். கருனிக்குள் நேரங்காட்டிகளை அமைக்கும் பழைய முறை 4.15 பதிப்பில் நீக்கப்பட்டது. சாதன நினைவகத்தை அணுகுவதற்கான ஐஓரீமேப்-நோகேஷ் என்ற செயற்கூறு 5.6 பதிப்பில் மறைந்தது. நினைவகப் பூட்டு ஒன்று 5.8 பதிப்பில் எம்மேப்-செம் என்ற பெயரிலிருந்து எம்மேப்-லாக் என்ற பெயருக்கு மாறியது. பெயர் மாற்றம் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பழைய பெயரை அழைத்த வெளிக்கூறுகள் எல்லாம் அன்றோடு கட்டப்பட மறுத்தன. இத்தகைய சமயங்களில் பயனர் எத்தனை முறை முயன்றாலும் பயனில்லை; கூறின் மூலநிரலே மாற வேண்டும்.

ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் இதில் ஓரளவு விலக்கு. அங்கே ஒரு முதன்மைப் பதிப்பின் ஆயுட்காலம் முழுவதும் குறிப்பிட்ட சில உள் இடைமுகங்கள் மாறாமல் காக்கப்படுகின்றன. அதனால் அங்கே பழைய கூறுகள் தொடர்ந்து ஏறும் வாய்ப்பு அதிகம்.

பதற்றத்துக்கு முன்

மேம்பாட்டுக்குப் பின் திரை சிறுத்துவிடும். சுட்டி சன்னலுக்குள் மாட்டிக்கொள்ளும். பகிர்வுக் கோப்புறை வெறுமையாகக் காட்சி தரும். செயல்திட்டம் ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவில் இதைக் காணும் மாணவர் முதலில் நினைப்பது, கோப்புகள் அழிந்துவிட்டன என்பதே. அடுத்து அவர் செய்வது, மெய்நிகர் கணினியையே நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுவது. இந்த இரண்டாவது செயல்தான் உண்மையான இழப்பை உண்டாக்குகிறது. விருந்தினரின் மெய்நிகர் வட்டைச் சேர்த்து நீக்கினால், அதன் முகப்புக் கோப்புறையில் இருந்த அனைத்தும் போய்விடும்.

பகிர்வுக் கோப்புறையில் உள்ளவை புரவலனின் வட்டில் இருக்கின்றன. விருந்தினருக்குள் எது உடைந்தாலும் அவை அங்கேயே இருக்கும். புரவலனில் அந்தக் கோப்புறையைத் திறந்து பார்த்தாலே அச்சம் தீர்ந்துவிடும். சுட்டி மாட்டிக்கொண்டால் விர்ச்சுவல்பாக்ஸில் வலப்பக்கக் கன்ட்ரோல் விசையை ஒருமுறை அழுத்தினால் விடுபடும். மெய்நிகர் வலையட்டைக்கான இயக்கி கருனியிலேயே இருப்பதால் இணையமும் வழக்கம்போல் வேலை செய்யும். சீர்செய்யத் தேவையான தொகுப்புகளை இறக்கிக்கொள்ள அது போதும்.

இங்கே கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. பகிர்வுக் கோப்புறையைப் பயனர் தானே ஒரு கோப்புறையின் மேல் ஏற்றி வைத்திருந்தால், ஏற்றம் தோல்வியுற்றபோது அடியில் இருக்கும் வெற்றுக் கோப்புறை மட்டும் தெரியும். அது வெறுமையாக இருக்கிறதே என்று அதற்குள் புதிய கோப்புகளைச் சேமித்தால், அவை புரவலனுக்குப் போகாமல் விருந்தினரின் வட்டிலேயே தங்கிவிடும். பிறகு பழுது நீங்கிப் பகிர்வு மீண்டும் ஏறியதும், அது அந்தக் கோப்புகளை மேலிருந்து மறைத்துவிடும். பழுதின்போது இருந்த கோப்புகள், சரியான பிறகு காணாமல் போகின்றன! பகிர்வை இறக்கிவிட்டுப் பார்த்தால் அவை அடியில் அப்படியே இருக்கும். ஃபைண்ட்எம்என்டி என்ற கட்டளை எந்தக் கோப்புறையின் மேல் என்ன ஏறியிருக்கிறது என்று காட்டும். ஐயம் இருந்தால் சேமிப்பதற்கு முன் அதை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

இன்னொன்றும் உண்டு. பகிர்வை எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதி வைத்தவர்கள் அந்த வரியில் நோஃபெயில் என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால், ஏற்ற முடியாத பகிர்வு ஒன்றுக்காகக் கணினி தொடக்கத்தையே நிறுத்தி அவசரநிலைத் திரையைக் காட்டிவிடும்.

முதல் சோதனை

யூநேம் கட்டளையை இடைக்கோடு ஆர் விருப்பத்துடன் ஓட்டினால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கருனியின் எண் தெரியும். நிறுவப்பட்ட கருனி வேறு, ஓடும் கருனி வேறு என்பதை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். மேம்பாடு முடிந்தாலும் மறுதொடக்கம் செய்யும்வரை பழைய கருனியே ஓடும். அந்த இடைவெளியில் கூறுகளைக் கட்டினால் அவை பழைய கருனிக்குக் கட்டப்பட்டு, மறுதொடக்கத்துக்குப் பின் மீண்டும் பழுதாக நிற்கும். எத்தனை முறை செய்தும் சரியாகவில்லை என்பவர்களில் பலர் இந்த வரிசையைத்தான் மாற்றிச் செய்கிறார்கள். முதலில் மறுதொடக்கம், பிறகு கட்டுதல்.

அடுத்து எல்எஸ்மாட் கட்டளையின் பட்டியலில் விபாக்ஸ் என்று தொடங்கும் கூறுகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பிறகு மாட்இன்ஃபோ கட்டளையை விபாக்ஸ்கெஸ்ட் என்ற பெயரோடு ஓட்ட வேண்டும். அது காட்டும் கோப்புப் பாதை ஒரு செய்தியைச் சொல்கிறது. பாதையில் கெர்னல் என்ற கோப்புறை வந்தால் கூறு கருனியோடு வந்தது. மிஸ்க் அல்லது அப்டேட்ஸ் என்று வந்தால் வெளியிலிருந்து கட்டப்பட்டது. எதுவுமே கிடைக்கவில்லை என்றால் புதிய கருனிக்குக் கூறு இல்லை என்று பொருள்.

பகிர்வை ஏற்ற முயலும்போது கோப்பு முறைமையின் வகை தெரியவில்லை என்றோ, அத்தகைய சாதனம் இல்லை என்றோ வந்தால் விபாக்ஸ்எஸ்எஃப் கூறு ஏறவில்லை. அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால் அது வேறு சங்கதி. பயனர் விபாக்ஸ்எஸ்எஃப் என்னும் பயனர் குழுவில் சேர்க்கப்படவில்லை. கருனிக்கும் அதற்கும் தொடர்பில்லை. சேர்த்துவிட்டு வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் போதும்.

சீர்செய்யும் முறை

வெளியிலிருந்து கட்டப்படும் கூறுக்கு மூன்று பொருள்கள் தேவை: கூறின் மூலநிரல், ஓடும் கருனிக்குரிய தலைப்புக் கோப்புகள், நிரல்பெயர்ப்பி. மூலநிரல் கெஸ்ட் அடிஷன்ஸோடு ஏற்கெனவே வந்திருக்கும். மேம்பாட்டுக்குப் பின் பெரும்பாலும் காணாமல் போவது தலைப்புக் கோப்புகள்தாம்.

உபுண்டுவிலும் டெபியனிலும் லினக்ஸ்-ஹெடர்ஸ் என்ற பெயருடன் கருனி எண்ணைச் சேர்த்த தொகுப்பை நிறுவ வேண்டும். எண்ணைக் கையால் தட்டாமல், யூநேம் கட்டளையின் விடையையே டாலர் குறியும் பிறை அடைப்பும் கொண்டு அந்த இடத்தில் பொருத்தலாம், பிழை குறையும். இத்தோடு பில்ட்-எசென்ஷியல், டிகேஎம்எஸ் ஆகிய தொகுப்புகளும் வேண்டும். ஃபெடோராவிலும் ரெட் ஹேட் வழியினவற்றிலும் தலைப்புத் தொகுப்பின் பெயர் கெர்னல்-டெவல். அங்கும் எண் கடைசி இலக்கம்வரை ஓடும் கருனியோடு ஒத்திருக்க வேண்டும்.

அடிக்கடி இந்த வேலையைச் செய்ய விரும்பாதவர்கள் எண்ணில்லாத பொதுத் தொகுப்பை நிறுவிக்கொள்வது சிறந்தது. உபுண்டுவில் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனெரிக், 64 பிட் டெபியனில் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64. இவை இருந்தால் ஒவ்வொரு புதிய கருனியோடும் அதற்குரிய தலைப்புக் கோப்புகள் தாமே வந்துவிடும்.

பிறகு மேலாளர் உரிமையுடன் ஆர்சிவிபாக்ஸ்ஆட் என்ற கட்டளையை செட்டப் என்ற சொல்லோடு ஓட்ட வேண்டும். அது ஓடும் கருனிக்குக் கூறுகளைக் கட்டி ஏற்றும். முடிந்ததும் ஒருமுறை மறுதொடக்கம். கெஸ்ட் அடிஷன்ஸ் குறுவட்டுப் படிமத்தைச் செருகி முழு நிறுவலையும் மீண்டும் ஓட்டுவது பலரின் வழக்கம். அதுவும் பலன் தரும், ஆனால் தேவையில்லை.

டிகேஎம்எஸ் என்பது இந்த வேலையைத் தானியங்கியாக்கும் அமைப்பு. டெல் நிறுவனத்தின் லினக்ஸ் பொறியாளர்கள் இதை உருவாக்கினார்கள். கூறின் மூலநிரலை அது பாதுகாத்து வைத்துக்கொண்டு, புதிய கருனி நிறுவப்படும்போதெல்லாம் தானே கட்டிவிடுகிறது. டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்ற கட்டளை எந்தக் கூறு எந்தக் கருனிக்குக் கட்டப்பட்டுள்ளது என்று வரிசையாகக் காட்டும். ஆனால் தலைப்புக் கோப்புகள் இல்லாவிட்டால் அதுவும் கைகட்டி நிற்கும். டிகேஎம்எஸ் இருந்தும் பழுது வந்தால் முதலில் ஐயுற வேண்டியது தலைப்புகளையே.

கட்டுதல் தோல்வியுற்றால்

தோல்வியின் காரணம் திரையில் தெரியாது. பதிகைக் கோப்பில் இருக்கும். வார் கோப்புறைக்குள் லாக், அதற்குள் விபாக்ஸ்ஆட்-செட்டப் என்று தொடங்கும் கோப்பு. டிகேஎம்எஸ் வழியாகக் கட்டினால் வார், லிப், டிகேஎம்எஸ் என்ற வரிசையில் சென்று கூறின் பெயருக்குக் கீழே மேக் பதிகையைத் தேட வேண்டும். கோப்பின் கடைசி வரி பெரும்பாலும் பொதுவான புலம்பல்தான். மேலிருந்து வாசித்து, பிழை என்ற சொல் முதன்முதலில் வரும் வரியைப் பிடிக்க வேண்டும்.

அந்த வரி ஒரு செயற்கூறு அறிவிக்கப்படவில்லை என்றோ, ஒரு கட்டமைப்பில் குறிப்பிட்ட உறுப்பு இல்லை என்றோ சொன்னால், மேலே கண்ட உள் இடைமுக மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. கெஸ்ட் அடிஷன்ஸ் பழையது, கருனி புதியது. புரவலனில் விர்ச்சுவல்பாக்ஸைப் புதிய பதிப்புக்கு உயர்த்தி, அதனோடு வரும் புதிய கெஸ்ட் அடிஷன்ஸை நிறுவுவதே மருந்து. கருனி வெளிவந்து சில நாள்களே ஆகியிருந்தால் அந்தப் புதிய பதிப்பு இன்னும் வந்திராமலும் இருக்கலாம். அதுவரை பழைய கருனியில் காலம் தள்ள வேண்டும்.

நிரல்பெயர்ப்பியால் வரும் பிழை வேறு வகை. உபுண்டு 22.04 இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதன் இயல்பான ஜிசிசி நிரல்பெயர்ப்பி 11ஆம் பதிப்பு. பின்னர் அதே உபுண்டுவுக்கு வழங்கப்பட்ட 6.5 கருனியோ ஜிசிசி 12ஆம் பதிப்பால் கட்டப்பட்டது. 11ஆம் பதிப்புக்குத் தெரியாத விருப்பம் ஒன்றைக் கருனியின் கட்டமைப்பு கேட்டது. அடையாளம் தெரியாத விருப்பம் என்று கட்டுதல் நின்றது. ஜிசிசி-12 தொகுப்பை நிறுவி அதைப் பயன்படுத்தச் செய்ததும் சரியாயிற்று. பதிகையில் நிரல்பெயர்ப்பியின் விருப்பம் பற்றிய முறையீடு வந்தால், கருனி எந்தப் பதிப்பால் கட்டப்பட்டது என்று பார்க்க வேண்டும். ப்ராக் கோப்புறையில் உள்ள வெர்ஷன் என்ற கோப்பில் அது எழுதப்பட்டிருக்கும்.

தொடக்கப் பகிர்வில் இடமில்லாமை அதிகம் கவனிக்கப்படாத காரணம். பூட் கோப்புறையைத் தனிப் பகிர்வாகச் சிறிதாக ஒதுக்கியிருந்தால், பழைய கருனிகள் சேர்ந்து அது நிரம்பிவிடும். புதிய கருனி அரைகுறையாக நிறுவப்பட்டு, அதைத் தொடர்ந்து வரவேண்டிய டிகேஎம்எஸ் வேலையும் நின்றுபோகும். டிஎஃப் கட்டளை நிரம்பிய அளவைக் காட்டும். பழைய கருனிகளை ஆப்ட் ஆட்டோரிமூவ் மூலம் நீக்க வேண்டும். பூட் கோப்புறைக்குள் சென்று கோப்புகளைக் கையால் அழிப்பது தொகுப்பு மேலாண்மையையே குழப்பிவிடும்.

இரு வழிகளைக் கலக்காமை

கெஸ்ட் அடிஷன்ஸ் இரண்டு வாயில்களில் வருகிறது. ஒன்று விர்ச்சுவல்பாக்ஸோடு வரும் குறுவட்டுப் படிமம். மற்றொன்று லினக்ஸ் வழங்கல் தன் களஞ்சியத்தில் வைத்திருக்கும் தொகுப்பு. உபுண்டுவில் விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்-யூட்டில்ஸ், விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்-எக்ஸ்11 ஆகியவை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுவினால், கருனிக்கூறு ஒரு பதிப்பும் பின்னணி நிரல் வேறு பதிப்புமாக நின்று, பாதி வேலை செய்யும் பாதி செய்யாது. ஒன்றை முழுதும் நீக்கிய பிறகே மற்றொன்றுக்கு மாற வேண்டும்.

மாணவர்களுக்கு ஏற்றது களஞ்சியத் தொகுப்பே. அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. அப்போது ரெட் ஹேட்டில் பணியாற்றிய ஹான்ஸ் டி கோடே விர்ச்சுவல்பாக்ஸ் விருந்தினர் இயக்கிகளைச் செம்மைப்படுத்திக் கருனி மரத்துக்குள்ளேயே கொண்டுசேர்த்தார். விபாக்ஸ்கெஸ்ட் 4.16 பதிப்பிலும் விபாக்ஸ்எஸ்எஃப் 5.6 பதிப்பிலும் இடம்பெற்றன. இவற்றை இயக்கி வழங்கும் வழங்கல்களில் கருனி மாறினால் கூறும் சேர்ந்தே மாறும். கட்ட வேண்டிய வேலையே இல்லை. மிகப் புதிய வசதிகள் சில அதில் தாமதமாக வரலாம். பாடம் பழகுவோருக்கு அது ஒரு குறையன்று.

பழைய கருனிக்குத் திரும்புதல்

அவசரம் என்றால் முந்தைய கருனியில் நுழைந்து வேலையை முடித்துக்கொள்ளலாம். உபுண்டு முந்தைய கருனியை உடனே நீக்குவதில்லை. தொடங்கும்போது ஷிஃப்ட் விசையையோ எஸ்கேப் விசையையோ அழுத்தினால் க்ரப் பட்டியல் தோன்றும். அதில் மேம்பட்ட விருப்பங்களுக்குள் பழைய எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குரிய கூறுகள் அதன் கோப்புறையில் இன்னும் இருப்பதால் எல்லாம் முன்போலவே இயங்கும். இது தற்காலிக ஏற்பாடு மட்டுமே. புதிய கருனிகளில் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றன. கருனியை நிரந்தரமாக நிறுத்திவைப்பது இணையத்தோடு இணைந்த கணினிக்கு நல்லதன்று. மேம்படுத்துவதற்கு முன் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு நிலைப்படம் எடுத்து வைத்தால் இதைவிட எளிதாகத் திரும்பலாம். நிலைப்படம் அதே வட்டில்தான் இருக்கும் என்பதால் அதைக் காப்புநகலாகக் கருத முடியாது.

புரவலனில் கருனி மாறினால்

புரவலன் லினக்ஸாக இருந்து அதன் கருனி மேம்பட்டால் விளைவு இன்னும் கடுமையானது. திரை சிறுப்பதோடு நிற்காது. மெய்நிகர் கணினி தொடங்கவே தொடங்காது. கருனி இயக்கி நிறுவப்படவில்லை என்ற செய்தியும் எதிர்மறை 1908 என்ற பிழை எண்ணும் தோன்றும். இங்கே இல்லாமல் போனது விபாக்ஸ்டிஆர்வி என்னும் கூறு. தலைப்புக் கோப்புகளை நிறுவிவிட்டு விபாக்ஸ்கான்ஃபிக் கட்டளையை மேலாளர் உரிமையுடன் ஓட்டினால் அது கட்டப்படும். விருந்தினருக்குள் எதையும் தொட வேண்டியதில்லை. பட்டறையின் பழைய மென்பொருள் உள்ளே அப்படியே இருக்கிறது; வாசல்தான் அடைபட்டிருக்கிறது.

கட்டப்பட்டும் ஏறவில்லை, தேவையான திறவுகோல் கிடைக்கவில்லை என்றோ திறவுகோல் மறுக்கப்பட்டது என்றோ வந்தால், செக்யூர் பூட் இயக்கத்தில் இருக்கிறது. கையொப்பமில்லாத கூறை அது உள்ளே விடாது. உபுண்டுவில் டிகேஎம்எஸ் தானே ஒரு திறவுகோலை உருவாக்கிக் கூறில் கையொப்பமிடும். அந்தத் திறவுகோலைக் கணினியின் நிலைபொருளில் பதிவுசெய்வது பயனரின் வேலை. மோக்யூட்டில் கட்டளையால் பதிவைக் கோரி, அப்போது ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்து, மறுதொடக்கத்தின்போது தோன்றும் நீலத் திரையில் அதே கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். அந்தத் திரையைக் கவனிக்காமல் கடந்துவிட்டால் பதிவு நடக்காது. மீண்டும் கோர வேண்டும். செக்யூர் பூட்டை அணைத்துவிடுவது சுலபம்தான். ஆயினும் பத்து நிமிடம் செலவிட்டுத் திறவுகோலைப் பதிவதே முறையானது.

6.12 கருனியிலிருந்து புரவலனில் இன்னொரு சிக்கலும் எழுந்தது. லினக்ஸின் சொந்த மெய்நிகராக்க அமைப்பான கேவிஎம், தன் கூறு ஏறியவுடனேயே செயலியின் மெய்நிகராக்க வசதியைத் தன்வசம் எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. அதனால் விர்ச்சுவல்பாக்ஸுக்கு அவ்வசதி கிடைக்காமல் மெய்நிகர் கணினி தொடக்கத்திலேயே நின்றது. இதற்கும் தலைப்புக் கோப்புகளுக்கும் தொடர்பில்லை. கூறுகளை எத்தனை முறை கட்டினாலும் தீராது. இன்டெல் செயலி என்றால் கேவிஎம்-இன்டெல், ஏஎம்டி என்றால் கேவிஎம்-ஏஎம்டி கூறை இறக்கிவிட வேண்டும். அல்லது கேவிஎம் கூறின் எனேபிள்-விர்ட்-அட்-லோட் என்ற அமைப்பைக் கருனித் தொடக்க வரியில் சுழியமாக்க வேண்டும்.

விஎம்வேரும் பிறவும்

விஎம்வேர் பயனர்களுக்கு விருந்தினர் பக்கத்தில் இந்தத் தொல்லை பெரிதும் குறைந்துவிட்டது. விஎம்எக்ஸ்நெட்3 வலையட்டை இயக்கி 2.6.32 பதிப்பிலேயே கருனிக்குள் வந்தது. திரை இயக்கியும் மற்றவையும் பின்தொடர்ந்தன. பகிர்வுக் கோப்புறைக்கான கூறு மட்டும் கருனிக்குள் சேரவே இல்லை. அதற்குப் பதிலாகக் கருனிக்கு வெளியே, பயனர் நிரலாகவே இயங்கும் விஎம்எச்ஜிஎஃப்எஸ்-ஃபியூஸ் வந்தது. பயனர் இடைமுகம் உடைவதில்லை என்ற கொள்கையின் நிழலில் நிற்பதால், கருனி மாறினாலும் அது தொடர்ந்து ஓடும். எனவே பழைய பெர்ல் நிரல்களைத் தேடி ஓட்டுவதைவிட, வழங்கலின் ஓப்பன்-விஎம்-டூல்ஸ், ஓப்பன்-விஎம்-டூல்ஸ்-டெஸ்க்டாப் தொகுப்புகளை நிறுவுவதே சரி. புரவலன் பக்கத்தில் விஎம்மான், விஎம்நெட் என்ற இரு கூறுகள் இன்னும் வெளியிலிருந்தே கட்டப்படுகின்றன. விஎம்வேர்-மாட்கான்ஃபிக் அந்த வேலையைச் செய்யும். அங்கே புதிய கருனியால் தோல்வி நேர்வது இன்றும் வழக்கம்.

கேவிஎம் பயனர்கள் இந்தக் கட்டுரையைத் தேடி வரவேண்டிய தேவை அரிது. கேவிஎம் 2007இல் 2.6.20 பதிப்போடு கருனியின் பகுதியானது. அதன் விருந்தினர் இயக்கிகளான விர்டியோ குடும்பமும் கருனிக்குள்ளேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்டும் ஹைப்பர்-வி இயக்கிகளை 2009இல் கருனிக்கு அளித்தது. புரவலனும் லினக்ஸாகவே இருந்து, விருந்தினரும் லினக்ஸாக இருக்கப்போகிறது என்றால், விர்ட்-மேனேஜர் மூலம் கேவிஎம்மையே தேர்ந்துகொள்ளலாம். கருனி மேம்பாடு அங்கே வெறும் மறுதொடக்கத்தோடு முடிந்துவிடுகிறது.